சிஞ்ஞோராவின் மாமரம் ஏன் பூக்கவில்லை

எனக்கு மாமரத்தைப் பற்றித் தெரியும் என்று இத்தாலியின் பலேர்மோ நகரத்தில் ஒரு சிஞ்ஞோராவிடம் சொன்னேன். அது பொய். பிள்ளைகளே, இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். மிச்சக் கதை முழுக்க அந்தப் பொய்யைச் சரிக்கட்ட நான் பட்ட பாடுதான்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. மூத்தவள் அம்மாவின் வயிற்றில் இருந்தாள். எனக்கு வேலைக் கடிதம் தர ஒரு வீடு தேவைப்பட்டது. கடிதம் இல்லாவிட்டால் பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதி இல்லை. மாதா கோவிலில் அறிமுகமான ஒருவர் அந்த வீட்டு விலாசத்தைத் தந்தார். துறைமுகத்துக்குக் கொஞ்சம் மேலே, உயர்ந்த மதிலுக்குள் பழைய வீடு. வீட்டுக்கார அம்மாவுக்கு, இங்கே சிஞ்ஞோரா என்பார்கள், அறுபது தாண்டியிருக்கும். பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவர். என்னுடைய கடதாசிகளைப் பார்க்கவில்லை, கைகளைப் பார்த்தார். பிறகு பின்வளவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே ஒரு மாமரம் நின்றது. என்னைவிடக் கொஞ்சம் உயரம், மெலிவு, இலை நுனியெல்லாம் பழுப்பு.

அவர் இத்தாலியனில் கதைத்ததை நான் எங்கள் ஊர்ப் பேச்சிலேயே எழுதுகிறேன். அப்படித்தான் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

"உம்மடை நாட்டிலை இது இருக்கோ?"

"ஓம்."

"அப்ப இதின்ரை குணம் உமக்குத் தெரியும்."

"ஓம்."

அந்த நேரம் என்னிடம் தாராளமாக இருந்த இத்தாலியன் சொல் அந்த 'ஓம்' ஒன்றுதான். உண்மையில் மன்னாரில் நான் சைக்கிள் திருத்துகிறவன். மாம்பழத்தைச் சாப்பிடத் தெரியும், மரத்தைத் தெரியாது.

மரத்தின் கதையைச் சிஞ்ஞோரா அன்றைக்கே சொன்னார். இரண்டு வருடத்துக்கு முன்னர் ஒரு செடிக்காரனிடம் நல்ல விலை கொடுத்து வாங்கினவராம். நாலு வருடத்தில் காய்க்கும் என்று அவன் சத்தியம் பண்ணினானாம். ஆனால் அவருடைய மருமகனுக்கு அந்த இடம் கார் விட வேண்டியிருந்தது. பலேர்மோவில் கார் விட இடம் கிடைப்பது என்றால் சும்மா விஷயமா! மருமகன் ஒவ்வொரு ஞாயிறும் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்து, மரத்தைப் பார்த்து, "இன்னும் நிக்குதோ?" என்று கேட்பார். சிஞ்ஞோரா, "காய்க்கட்டும், காய்க்காட்டி எடும்" என்பார். இதுதான் இருவருக்கும் இடையில் இருந்த ஒப்பந்தம். இப்போது நடுவில் நான் வந்து மாட்டிக்கொண்டேன்.

கடிதம் கையில் கிடைத்ததும், முதல் வேலையாக இலைப் பழுப்பை மாற்றப் போனேன். எங்கள் பக்கத்தில் தென்னைக்கு அடியில் உப்புப் போடுவார்கள், அது எனக்குத் தெரியும். தென்னைக்கு நல்லதென்றால் மாவுக்குக் கூடாதா என்று நினைத்துக் கொண்டேன். மீன் கழுவின தண்ணீரையும் வீணாக்கவில்லை. இரண்டு கிழமைக்கு ஒரு முறை ஒரு சுண்டு உப்பு. சிஞ்ஞோரா பல்கனியிலிருந்து பார்த்து, "எங்கை படிச்சீர்?" என்று கேட்டார். "ஊரிலை" என்றேன்.

ஆடி மாதத்துக்குள் பழுப்பு நுனியிலிருந்து பாதி இலைக்கு இறங்கிவிட்டது. மண்ணின் மேல் வெள்ளையாக ஒரு படை படிந்திருந்தது. அதையும் நல்ல அறிகுறி என்றே நான் எடுத்தேன்.

பிறகு பயம் பிடித்தது. நாலு இலையைப் பொலித்தீன் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் நகரத்தின் ஓரத்தில் இருக்கிற பிரான்காச்சோவுக்குப் போனேன். அங்கே குடியிருப்புத் தொடருக்குப் பின்னால் விதையும் பசளையும் விற்கிற ஒருவர் இருந்தார். இலையைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார், போடாமலும் பார்த்தார்.

"என்ன குடுத்தனீர்?"

"உப்பு."

"எதுக்கு?"

"பலத்துக்கு."

அவர் உள்ளே திரும்பி மனைவியைக் கூப்பிட்டார். "இஞ்சை வா, இந்த மனுசன் மரத்தைப் பாஸ்தா மாதிரி அவிக்கிறார்!" அந்த அம்மா வந்து இலையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். இருவரும் சிரித்து முடியும்வரை நான் பசளைச் சாக்குகளை எண்ணிக்கொண்டு நின்றேன். சிரித்து முடித்த பிறகு நல்ல மனிதராகச் சொன்னார்: "மேல் மண்ணைச் சுரண்டி எடும். பிறகு நல்ல தண்ணியாலை அடி மண்ணைக் கழுவும். ஒரு நாள் இல்லை, பத்து நாள்."

அந்தக் காலத்தில் பலேர்மோவில் குழாய்த் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வரும். எல்லாரும் கூரைத் தொட்டியில் பிடித்து வைப்பார்கள். நான் தண்ணீர் வரும் நாளில் விடியவே போய், தொட்டி நிரம்புவதற்கு முன்னர் வாளி வாளியாக மரத்துக்கு ஊற்றினேன். சட்டை நனைந்து, சப்பாத்து நனைந்து, ஒரு நாள் சிஞ்ஞோராவின் பூனையும் நனைந்தது. புரட்டாதி முடிய மரம் புதுத் துளிர் விட்டது. முதலில் செம்பு நிறம், பிறகு இளம் பச்சை, பிறகு பளபளவென்று கடும் பச்சை. சிஞ்ஞோரா என்னை 'டொக்டர்' என்று கூப்பிடத் தொடங்கினார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

இனி இந்தப் பளபளப்பால் வந்த வினையைக் கேளுங்கள்.

மூத்தவள் பிறந்து, மார்கழியில் நத்தாருக்கு முன்னர் ஞானஸ்நானம் வைத்தோம். கோவில் மண்டபத்து வாசலில் நிறைகுடம் வைக்க உங்கள் அம்மாவுக்கு ஆசை. குடம் இருந்தது, தேங்காய் சந்தையில் கிடைத்தது, மாவிலைக்கு எங்கே போவது? "உங்கடை சிஞ்ஞோரா வீட்டிலை ஒரு மரம் நிக்குதெல்லே?" என்றா அம்மா. சிஞ்ஞோராவிடம் கேட்டேன். "கோவிலுக்கோ? எடும், எடும்" என்றார். நிறைகுடத்துக்கு இலை தனித்தனியாக எடுப்பதில்லை, கொத்தாக எடுப்பது. கிளை நுனியில் ஐந்தாறு இலை சுற்றிவர நிற்குமே, அதைக் காம்போடு முறிப்பது. நாலு கொத்து முறித்தேன். மண்டபத்துக்கு வந்த எல்லாரும் பிள்ளையைப் பார்ப்பதற்கு முன்னர் குடத்தைத்தான் பார்த்தார்கள்.

"உண்மையான மாவிலையோ?"

"பிளாஸ்டிக் இல்லையோ?"

"எங்கை எடுத்தனீங்கள், சொல்லுங்கோவன்!"

சொன்னேன். அது என் இரண்டாவது பிழை.

அன்று தொடக்கம் எங்கள் மேல்வீட்டு அண்ணை மாவிலைக்கு முகவர் ஆகிவிட்டார். அவர் ஊரில் தீவுப் பகுதியைச் சேர்ந்தவர். பலேர்மோவில் எந்தத் தமிழ் வீட்டில் என்ன விசேஷம் என்று கோவில் பாதருக்கே அவர்தான் சொல்லுவார். கதவைத் தட்டுவார். "தம்பி, ஒரு நாலு கொத்து." வீடு குடிபுகுதலுக்கு நாலு கொத்து. பூப்புனிதத்துக்கு எட்டுக் கொத்து. ஊரிலிருந்து ஒரு பாதர் வந்தார், அவரை வரவேற்கத் தோரணம். தைப்பொங்கலுக்கு மொரிசியஸ்காரர் ஒருவர் தானே ஒரு பெரிய பையோடு வந்தார். அவரும் தமிழர்தான், ஆனால் நாங்கள் இருவரும் இத்தாலியனில் கதைத்துத்தான் மாவிலை பிடுங்கினோம். சிஞ்ஞோரா ஒவ்வொரு முறையும் "எடும், எடும்." இலைதானே, முளைக்கும் என்று அவரும் நினைத்தார், நானும் நினைத்தேன்.

மரம் நட்டு நாலு வருடமான வசந்தத்தில் பூ வரவில்லை.

நான் மறுபடி பிரான்காச்சோவுக்குப் போனேன். அந்தப் பசளைக் கடைக்காரருக்கு உலகத்தில் எல்லா மரமும் எலுமிச்சைதான். "எலுமிச்சை காய்க்காட்டி என்ன செய்வம்? ஆனி மாசம் தண்ணியை நிப்பாட்டுவம். இலை சுருள மட்டும் தாகத்திலை விடுவம். பிறகு ஒரேயடியாத் தண்ணி. பயத்திலை பூக்கும்." எலுமிச்சைக்கு அது சரி, இங்கே எல்லாரும் அப்படிச் செய்கிறவர்கள்தான். நானும் செய்தேன். மரம் சுருண்டது, வாடியது, நான் போகிற வருகிற நேரமெல்லாம் குற்றவாளி போலத் தலையைக் குனிந்துகொண்டு போனேன். தண்ணீர் விட்டதும் பிழைத்தது. பூக்கவில்லை. நாங்கள் வழக்கம்போல மழைகாலம் முழுக்க இலை பிடுங்கினோம்.

அடுத்த தவக்காலத்தில் மருமகன் அளவுநாடாவோடு வந்தார். நான் ஒரு முனையைப் பிடிக்க, அவர் மற்ற முனையைப் பிடித்து வளவை அளந்தார். மரத்துக்கு மேலால் நாடா போனது. "நாலு மீற்றர் இருபது. கார் வடிவா நிக்கும்" என்றார். உயிர்த்த ஞாயிறு கழிந்து செவ்வாய்க்கிழமை வெட்ட ஆள் பேசியாகிவிட்டது. சிஞ்ஞோராவும் தலையை ஆட்டினார். ஒப்பந்தம் என்றால் ஒப்பந்தம், கணக்கு ரீச்சர் அல்லவா.

அன்றிரவு உங்கள் அம்மாவிடம் சொன்னேன். "மரம் போகுது."

"அப்ப மாவிலைக்கு?" என்றா அவ.

"மாவிலையும் போகுது. டொக்டர் பட்டமும் போகுது."

உயிர்த்த ஞாயிறுக்கு முதல் நாள், பெரிய சனிக்கிழமை காலை, நான் படிக்கட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன். சிஞ்ஞோரா விறகுக் கொட்டிலிலிருந்து ஒரு கோடாலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். நான் வாளியை விட்டுவிட்டு இரண்டு படி மேலே ஏறினேன்.

"பயப்பிடாதையும். என்ரை அப்பா வாதுமை மரத்துக்குச் செய்யிறவர். கோவில் மணி அடிக்கேக்கை ஒருத்தர் கோடாலியாலை மெதுவாத் தட்ட வேணும், மற்றவர் வெட்டாதையும் எண்டு கெஞ்ச வேணும். மரம் பயந்து காய்க்கும்."

"ஆர் தட்டுறது?"

"நான் தட்டுறன். எட்டு வருசம் மாதிரி இருக்குது இந்த அஞ்சு வருசமும், எனக்கு இதோடை கோபம். நீர் கெஞ்சும். உம்மடை பாஷையிலை கெஞ்சும், அதுக்கு விளங்கட்டும்."

மணி அடித்தது. சிஞ்ஞோரா மேலங்கியின் கையை மடித்துவிட்டு மரத்தடியில் 'டக்' என்று ஒரு தட்டுத் தட்டினார். நான் கோடாலியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"கெஞ்சும்!"

"விடுங்கோ சிஞ்ஞோரா... பாவம்... வாற வருசம் காய்க்கும்."

"அழுகுரல் காணாது!" இன்னொரு தட்டு.

"ஐயோ, விட்டிடுங்கோ! அதுக்கு அறிவு இல்லை! இனிமேல் ஒழுங்கா இருக்கும்!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோடாலியோடு நிற்கிற ஒருவரின் முகத்துக்கு நேரே சிரிக்கக் கூடாது என்று முகத்தை மேலே தூக்கினேன். அப்போதுதான் கண்டேன். விறகுக் கொட்டிலின் தகரக் கூரைக்கு மேலால் ஒரு கொப்பு போயிருந்தது. அதன் நுனியில் இளஞ்சிவப்பாக, கூம்பாக ஒரு பூக்கொத்து. பக்கத்தில் இன்னொன்று. மொத்தம் மூன்று.

சிஞ்ஞோராவும் பார்த்தார். கோடாலி கீழே விழுந்தது. "பயந்திட்டுது!" என்று கத்தினார். "பாத்தீரோ, உடனை பயந்திட்டுது!"

நான் ஏணியை எடுத்து வைத்து ஏறினேன். பூ ஒரு நிமிடத்தில் வருவதில்லை, அது எனக்கும் தெரியும். மரம் முழுக்க நூறு நுனி இருக்க, ஏன் அந்தக் கொப்பில் மட்டும்? அதே மண், அதே தண்ணீர், அதே வெயில்.

சைக்கிள் ரியூப்பில் காற்றுப் போனால் நாங்கள் என்ன செய்வோம்? தண்ணீருக்குள் பிடித்து எங்கே குமிழ் வருகிறதென்று பார்ப்போம். அதைப் பார்க்காமல் நான் மூன்று வருடமாகக் கண்ட கண்ட இடத்திலெல்லாம் ஒட்டுப் போட்டிருக்கிறேன். ஏணியில் நின்று இப்போதுதான் பார்த்தேன். கீழே இருந்த ஒவ்வொரு கிளையின் நுனியிலும் ஒரு கட்டை. முறித்த காயம், காய்ந்து கறுத்து. அதன் பக்கத்தில் இரண்டு மூன்று சின்னத் துளிர் புதிதாக முளைத்து, அது வளர்ந்து முற்றுவதற்குள் அதையும் யாரோ முறித்த காயம். தகரக் கூரையில் கால் வைத்தால் உடையும் என்று அந்த ஒரு கொப்பை மட்டும் எவரும் தொடவில்லை. மா நுனியில்தான் பூக்கும். நுனியைத்தான் நாங்கள் குடத்தில் வைத்தோம்.

ஏணியில் நின்றபடியே ஒவ்வொரு காயத்தையும் வாசித்தேன். இது வீடு குடிபுகுதல். இது பாதர் வந்தது. இது மொரிசியஸ்காரரின் பொங்கல். அடிக் கொப்பில் எல்லாவற்றிலும் பழைய, தடித்த நாலு காயம். மூத்தவளே, அது உன் ஞானஸ்நானம். முறித்தது நான்.

கோடாலிதான் பூக்கவைத்தது என்று சிஞ்ஞோராவை நம்ப விட்டிருக்கலாம். அவர் சந்தோஷமாக இருந்தார், தொலைபேசியில் மகளுக்குச் சொல்ல உள்ளே ஓடினார். ஆனால் அப்படி விட்டால் வருகிற மழைகாலம் மறுபடி எடும் எடும் என்பார், நானும் எடுப்பேன். அவர் திரும்பி வந்ததும் ஏணியடியில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். உப்பையும் சொன்னேன். மாமரம் தெரியும் என்றது பொய் என்றும் சொன்னேன்.

கீழே கிடந்த கோடாலியைப் பார்த்தார். பெர்மெஸ்ஸோ புதுப்பிக்க அந்த மாதம்தான் எனக்குக் கடிதம் தேவை.

"அப்ப நான் பிழையான ஆளுக்குத் தட்டியிருக்கிறன்" என்றார். "மரத்தை விட்டிட்டு நீர் வந்து இதிலை நில்லும், கோடாலியை எடுக்கிறன்."

பிறகு சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் எனக்கு மூச்சு வந்தது.

செவ்வாய்க்கிழமை வெட்ட வந்தவருக்குக் கோப்பி கொடுத்து அனுப்பினார். ஆனால் கதை அதோடு முடியவில்லை. வைகாசியில் ஆபிரிக்கப் பக்கமிருந்து சிறோக்கோ என்கிற சூட்டுக் காற்று மூன்று நாள் அடித்தது. அந்த மூன்று பூக்கொத்தும் கருகிப் போயின. மருமகன் ஒரு கையால் மரத்தையும் மறுகையால் தன் காரையும் காட்டினார்.

"இன்னும் ஒரு வருசம்" என்றார் சிஞ்ஞோரா அவரிடம். "என்ரை கையிலை பிடிக்க ஒரு பழம். இல்லாட்டி நானே வெட்டித் தாறன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "டொக்டர், ஒரு கொத்து வெளியிலை போகக் கூடாது."

தை மாதம் மேல்வீட்டு அண்ணையின் மகளுக்குக் கலியாணம். அவர் கதவைத் தட்டும் சத்தத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது.

"தம்பி, இருபது கொத்து வேணும். வாசலுக்கும் மணவறைக்கும்."

"அண்ணை, இந்த முறை ஏலாது."

"என்ன ஏலாது?"

"மரம் பூக்க வேணும். நுனியைத் தொடக் கூடாது."

"ஊருக்கெல்லாம் குடுத்தனீர். என்ரை மோளின்ரை கலியாணத்துக்குத்தான் மரம் பூக்க வேணுமோ?"

"இந்த வருசம் பூக்காட்டி வெட்டிப்போடுவினம் அண்ணை. பிறகு ஒருத்தருக்கும் இலை இல்லை."

"பலேர்மோவிலை ஒரே ஒரு மாமரம், அதுக்கு ஒரு காவல்காரன்! காவலுக்குத் துவக்கும் தந்தவையோ?" என்று படியில் நின்று சத்தம் போட்டார். மற்ற வீட்டுக் கதவுகளும் திறந்தன. "நான் இத்தாலிக்காரனிட்டை இலை கேக்கேல்லை, தமிழனிட்டைக் கேட்டனான்!" படபடவென்று மேலே ஏறிப் போய்விட்டார். நான் கதவைச் சாத்தினேன். அந்த மனிதர்தான் நான் வந்த முதல் மாதம் தன் வீட்டு நிலத்தில் எனக்குப் பாய் விரித்தவர்.

உங்கள் அம்மா மூத்தவளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டா: "நுனியைத் தானே தொடக் கூடாது? கீழை நிக்கிற பழைய இலை?"

"அது தனி இலை. கொத்து இல்லை."

"என்னட்டை நூல் இருக்கு."

அடுத்த நாள் சிஞ்ஞோராவிடம் விஷயத்தைச் சொல்லி, நுனியில் கை படாமல், தண்டின் அடியில் நின்ற பழைய இலைகளை ஒவ்வொன்றாகக் கிள்ளினேன். சிஞ்ஞோரா பக்கத்தில் நின்று எண்ணினார், நூறு. இரவு உங்கள் அம்மா ஐந்தைந்தாகச் சுற்றி அடியில் நூலால் கட்டினா. இருபது கொத்து. நான் தட்டத்தில் வைத்து மேலே கொண்டு போனேன். அண்ணை ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"என்ன, இலைக்கும் தையல் போட்டிருக்கிறீர்?"

"அவதான் போட்டவ."

"இரும், தேத்தண்ணி குடிச்சிட்டுப் போம்" என்றார். அவ்வளவுதான் எங்கள் சண்டை.

அந்தச் சித்திரையில் மரத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நுனிக்கு நுனி கூம்பு கூம்பாகப் பூ. ஈயும் தேனீயும் மொய்த்து வளவே இரைந்தது. சிறோக்கோ அந்த வருடமும் அடித்தது. நான் சாக்கு நனைத்து மதில் பக்கம் தொங்கவிட்டேன், அது உதவியதோ தெரியாது. பூ பாதி கருகியது, பிஞ்சு பாதி கொட்டியது. கொட்டிய பிஞ்சை உங்கள் அம்மா உப்பும் மிளகாய்த்தூளும் போட்டு ஒரு கோப்பையில் தந்துவிட்டா. சிஞ்ஞோரா ஒரு துண்டு வாயில் வைத்து, கண்ணீர் வழிய, "இது என்ன சித்திரவதை?" என்று கேட்டுவிட்டு மறுபடி கை நீட்டினார். ஆவணியில் எண்ணினோம். ஒன்பது காய்.

ஐப்பசியில் ஒரு ஞாயிறு முதல் பழத்தைக் கொய்தேன். சிஞ்ஞோரா இரு கையாலும் வாங்கி, மேசையில் வைத்து, கத்தியும் முள்ளுக்கரண்டியும் எடுத்துப் பீச் பழம் மாதிரி வெட்டினார். மருமகன் எதிரே இருந்தார். சிஞ்ஞோரா ஒரு துண்டைச் சாப்பிட்டு, யோசித்து, "பைன் மரத்துப் பிசின் மணக்குது. எனக்கு அவ்வளவு பிடிக்கேல்லை" என்றார். என் முகம் விழுந்தது. நாலு வருடப் பாடு!

மருமகன் இரண்டாவது துண்டை எடுத்தார். மூன்றாவதை எடுத்தார். பிறகு கொட்டையை எடுத்து, சேட்டில் வழிய வழியச் சூப்பினார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

"கார் ரோட்டிலேயே நிக்கட்டும்" என்றார் சிஞ்ஞோரா.

மருமகன் கொட்டையை வாயிலிருந்து எடுக்காமலே தலையை ஆட்டினார்.

இன்றைக்கும் கார் ரோட்டில்தான் நிற்கிறது. யாருடையதோ பல்கனித் துணி அதன் மேல் சொட்டுகிறது, அவர் ஒவ்வொரு ஞாயிறும் அதைப் பற்றி முறைப்பாடு சொல்லுகிறார். ஐப்பசி வந்தால் தானே ஏணியைத் தூக்கிக்கொண்டு வருகிறார். நான் கீழே நின்று பிடிப்பேன். போன முறையும் சொன்னேன்: "பழத்தை மட்டும் எடுங்கோ. நுனியைத் தொடாதேங்கோ."